கேற்றில் ஒட்டப்போகும் பெயர்

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் நான் உங்களைக் கூப்பிட்டதெல்லாம் இப்படித்தான், நீங்கள் என்னை 'இஞ்சாரும்' என்பீர்கள். கடிதத்தில் மட்டும் வேறு விதமாகத் தொடங்க எனக்கு வரவில்லை.

உங்கள் மூன்றாவது ஆண்டு நினைவு வருகிறது. சாப்பாட்டுக்கு வருகிற எங்கள் ஆட்களுக்குக் கொடுக்கச் சின்னதாக ஒரு நினைவு மலர் அடிக்கிறோம். முகப்பில் போட உங்கள் படத்தை மகள் தேடி எடுத்துவிட்டாள். நீலச் சேட்டுப் போட்டுக்கொண்டு, சிரிக்கிறதா விடுகிறதா என்று முடிவெடுக்காமல் நிற்கிற படம். உள்ளே வழக்கமான பாட்டைப் போடுவோம் என்றாள் பக்கத்து வீட்டுப் பரமேஸ். எல்லோருடைய மலரிலும் வருகிற அதே கண்ணீர்ப் பாட்டு. செத்த ஆக்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டோ என்று நீங்கள் கேட்டுப் பகிடி பண்ணுவது எனக்கு நினைவு வந்தது. பாட்டு வேண்டாம், நான் அவரோடு கதைக்கிற மாதிரி எழுதித் தருகிறேன், அதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். வாசிக்கிற ஆட்கள் வாசிக்கட்டும். எனக்கு உங்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

முதல் செய்தி இதுதான். எங்களை அமெரிக்காவுக்குக் கூப்பிட அண்ணா போட்ட ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது.

போன ஐப்பசியில் கடைசி ஞாயிற்றுக்கிழமை அண்ணா ஹூஸ்டனிலிருந்து போன் எடுத்தார். படிக்கப் போய் அங்கேயே நின்றுவிட்ட என் ஒரே அண்ணா, உங்கள் மச்சான். ஞாயிறு என்றால் வழக்கமாகச் சுகம் கேட்பார், வெயில் எப்படி என்று சொல்வார், வைத்துவிடுவார். அன்றைக்குக் குரலே வேறு மாதிரி இருந்தது.

"பிள்ளை, வந்திட்டுது" என்றார்.

"என்னண்ணை வந்தது?"

"உன்ரை நம்பர். நான் இத்தனை வருஷத்துக்கு முதல் போட்டது. நீயும் பிள்ளையும் வரலாம்."

நீயும் பிள்ளையும் என்று சொன்ன பிறகுதான் அவருக்கும் சுட்டது போல. பேப்பரில் உங்களையும் சேர்த்துத்தானே போட்டிருந்தார். "மச்சான் இருந்திருக்க வேணும்" என்று கடைசியில் சொன்னார். ஓம் என்றேன். இவ்வளவு காலம் பொறுத்த மனிசன், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா நீங்கள்?

கோபிக்காதையுங்கோ. எனக்கு உங்களோடு கோபம் இருக்கிறது. அதை மலரில் எழுதக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

ஹூஸ்டனுக்குப் போகவேண்டும் என்று துடித்தது நானா நீங்களா? நான் பயந்தவள். மொழி தெரியாத இன்னொரு ஊரில் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்டவள். "நீர் ஏன் பயப்பிடுறீர்? இஞ்சை வரேக்கை உமக்கு இத்தாலி பாஷை தெரியுமோ? இப்ப மீன்காரனோடை சண்டை பிடிக்கிறீர்" என்று சொன்னது நீங்கள்தான்.

அங்கே கார் இல்லாதவனுக்குக் கால் இல்லை என்று அண்ணா ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதமே லைசென்ஸ் எடுக்கப் புறப்பட்டீர்கள். விடியக் காலமை துறைமுகத்துக்குப் போய், நேப்பிள்ஸ் கப்பல் வந்து ஆட்கள் இறங்கியதும் ஏறி, தளம் தளமாகக் கழுவித் துடைத்துவிட்டு வருகிற மனிசன், பின்னேரம் பிரான்காச்சோவில் நாங்கள் இருந்த வீட்டுக் குசினி மேசையில் றோட்டுச் சட்டப் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருப்பீர்கள். மகள் கேள்வி கேட்பாள். பிழையாகச் சொன்னால் உங்கள் காதைப் பிடித்து முறுக்குவாள். முதல் சோதனையில் கோட்டை விட்டீர்கள். இரண்டாம் முறை பாஸ் பண்ணின அன்று கேக் பெட்டியோடு வந்து நின்றீர்கள். லைசென்ஸ் வந்தது. கார் வரவில்லை. அது ஹூஸ்டனில் வாங்குவதற்கு என்று சொல்லிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் போனால் சாரதிக்குப் பின்னால் இருக்கிற சீட்டுத்தான். அவர் பிரேக் பிடித்தால் நீங்களும் காலை அமத்துவீர்கள். "சனம் பாக்குது" என்று நான் கையில் நுள்ளுவேன். "பாக்கட்டும். வலது பக்கம் வரேக்கை இவன் கண்ணாடியைப் பாக்கேல்லை, கண்டனீரோ?" என்பீர்கள். நீங்கள் ஒருநாளும் தனியாக ஒரு காரை ஓட்டியதில்லை என்பது இப்போது நினைக்கும்போதும் எனக்குத் தாங்க முடியவில்லை.

அண்ணாவுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் போவதில்லை என்றுதான் மனதில் இருந்தது. நீங்கள் இருக்கிற ஊரில் நான் இருப்பேன். அவ்வளவுதான். வியா மக்வேதா தெருவில், வயதான சிஞ்ஞோரா தெரேசா வீட்டில் வேலை இருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மயானத்தில் உங்களிடம் வந்து, கல்லில் இருக்கிற படத்தைத் துடைத்து, பூ வைத்து, கொஞ்சம் கதைத்துவிட்டுப் போகலாம். இதை விட்டுவிட்டு அங்கே போய் யாரிடம் கதைப்பது?

மகள் கவிதாவும் அப்படித்தான் சொன்னாள். இங்கே வரும்போது சின்னப் பிள்ளை, இப்போது என்னைவிட உயரம். நான் விஷயத்தைச் சொன்னவுடன் கரண்டியை மேசையில் வைத்தாள்.

"மா கே ஹூஸ்டன், அம்மா, என்ன ஹூஸ்டன்? எனக்கு எல்லாம் இஞ்சைதான். என்ரை அமிக்கே, சிநேகிதிகள் எல்லாரும் இஞ்சை. நான் வரேல்லை."

"மாமா கூப்பிடுறார், பிள்ளை. யூனிவெர்சிட்டியிலை படிக்கலாம்."

"இஞ்சையும் படிக்கலாம்தானே. அப்பாவை இஞ்சை தனிய விட்டிட்டுப் போகப் போறீங்களோ?"

அவள் கேட்டது நியாயம் என்று பட்டது. அடுத்த ஞாயிறு அண்ணா எடுத்தால், எங்களுக்கு வேண்டாம், இன்னும் யாராவது காத்திருந்தால் அவர்களுக்குப் போகட்டும் என்று சொல்வதற்கு வசனம்கூடச் சரிபண்ணி வைத்திருந்தேன். அண்ணா சிரித்திருப்பார், அந்த இடத்தை அப்படி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்று. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் முறைதானே. நாங்கள் இங்கே வெளிக்கிடும்போது வேலை வீட்டை எங்கள் ஆட்களில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுத்தானே போவோம். எனக்கும் சிஞ்ஞோரா வீடு அப்படித்தான் கிடைத்தது. எனக்கு முதல் அங்கே வேலை செய்து கனடாவுக்குப் போனவள் வீட்டுத் திறப்பை என் கையில் தந்து, சிஞ்ஞோராவுக்குக் கோப்பியில் சீனி போடக்கூடாது, மருந்து பச்சை டப்பாவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு கார்த்திகையில் இந்த ஊர்ச் சனத்தின் செத்தவர்கள் நாள் வந்தது. உங்களுக்குத் தெரியும், வருஷா வருஷம் சிஞ்ஞோராவைக் கையில் பிடித்து மயானத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். கடைகளில் சீனிப் பொம்மைகள் அடுக்கியிருந்தார்கள். செத்துப்போனவர்கள் அன்றைக்கு வந்து பிள்ளைகளுக்குப் பொம்மையும் இனிப்பும் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது இவர்களின் நம்பிக்கை. "எங்கடை ஆக்கள் செத்தால் நாங்கள் படைக்க வேணும். இவையின்ரை ஆக்கள் செத்தும் உழைச்சுக் குடுக்கினம்" என்று நீங்கள் சொல்லிச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த வருஷம் சிஞ்ஞோரா ஒரு சீனிப் பொம்மை வாங்கி வந்து, உன் அப்பா தந்தது என்று கவிதாவிடம் கொடுத்தார். அவள் அதைச் சாப்பிடவில்லை. எறும்பு வந்து தின்னும்வரை அலுமாரிக்கு மேல் வைத்திருந்தாள்.

சிஞ்ஞோரா நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிச் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் அவரைப் பிழையாக நினைக்கக்கூடாது.

அன்றைக்கு அவர் கணவரின் குடும்பக் கல்லறையைத் துடைத்து முடித்ததும், உன் கணவரிடமும் போவோம் என்றார். வந்தோம். உங்களுக்கு முன்னால் நின்று சிலுவைக் குறி போட்டார். பிறகு திரும்பிச் சாதாரணமாகக் கேட்டார், இவருடைய மண்ணுக்கு எப்போது காலம் முடிகிறது என்று.

எனக்கு விளங்கவில்லை. காலம் முடிந்தபடியால்தானே இங்கே படுத்திருக்கிறார் என்றேன்.

அவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். அப்படியே நிறுத்தி வைத்துச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். இங்கே மண்ணில் வைத்தால் அது நெடுகலும் அவருடைய இடம் இல்லையாம். பத்து வருஷம் அளவில் தோண்டி எடுப்பார்களாம். சொந்தக்காரர் வந்து நின்றால் எலும்பை எடுத்துச் சின்னப் பெட்டியில் வைத்து, சுவரில் ஒரு பொந்தில் வைத்து மூடுவார்களாம். ஒருவரும் வராவிட்டால் எல்லோரையும் போடுகிற பொதுக் குழியில் போடுவார்களாம். அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

இஞ்சாருங்கோ, எங்கள் ஆட்களில் யாருக்காவது இது தெரியுமா? நாங்கள் எரிக்கிற சனம். புதைக்கிறதைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? மண்ணுக்குள் வைத்தால் மண்ணுக்குத்தான் சொந்தம், அதற்குப் பிறகு ஒருவரும் தொடமாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். அன்றைக்கு வீட்டில் கூடியிருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நீங்கள் போன அந்த நாளை நான் உங்களுக்குச் சொல்லவேயில்லை. காலையில் முகம் வழித்துக்கொண்டிருந்த மனிசன், பாதி முகத்தில் நுரையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டீர்கள். நான் அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எரிப்பதென்றால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும், பேப்பர்கள் எடுக்க வேண்டும், சாம்பலை வீட்டுக்குத் தரமாட்டார்கள், கடலில் கரைக்கவும் விடமாட்டார்கள் என்று சொன்னார்கள். அத்தனை நாளும் உங்களை அந்தக் குளிர்ப் பெட்டிக்குள் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. மார்கழியில் இரண்டு காலுறை போடுகிற ஆள் நீங்கள். மண்ணில் வைப்போம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். உங்களை ஒரு இடத்தில் இருத்திவிட்டோம் என்று நிம்மதிப்பட்டேன். அங்கேயும் உங்களுக்கு வாடகை வீடுதான் கிடைத்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

நான் அழுததைப் பார்த்துச் சிஞ்ஞோரா என் கையைப் பிடித்தார். "அழாதே. என் அந்தோனியோவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. காலம் வரும்போது உன் கணவரை அங்கே வைப்போம். என் மகனிடம் நான் சொல்லிவிடுகிறேன். நீ எங்களோடுதானே இருக்கப்போகிறாய்" என்றார்.

யாராவது அப்படிச் சொல்வார்களா? தன் கணவரின் கல்லறையில், தன் வீட்டுக் கோப்பை கழுவுகிறவளின் புருஷனுக்கு இடம் கொடுக்கிறேன் என்று? அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன். ஹூஸ்டன் என்ற கதை அந்த நேரத்தில் எனக்கு முடிந்துவிட்டது.

பஸ்ஸுக்கு நடந்து வரும்போது அவர் இன்னும் கதைத்துக்கொண்டு வந்தார். மனம் லேசாகி இருந்தது போல. "நீயும் கிழவியாவாய். உனக்கு முழங்கால் நோகத் தொடங்கும். அப்போது கவிதா வருவாள். என் வீட்டுக்கு இல்லாவிட்டால் என் மகன் வீட்டுக்கு. அவளுக்குக் கோப்பைகள் எங்கே இருக்கின்றன என்று இப்போதே தெரியும். புதிதாக ஒருத்தியைப் பழக்கத் தேவையில்லை" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குச் சுட்டது. அவமதிக்கிற எண்ணம் துளிகூட அவரிடம் இல்லை. நானும் அவரும் சாகும்வரைக்கும், செத்த பிறகும் ஒன்றாக இருப்பது போல ஒரு படம் அவர் மனதில் இருந்தது. அந்தப் படத்தில் என் பிள்ளையின் கையில் துடைப்பான் இருந்தது.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, ஒரு லீவு நாள் அவளை நான் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து, பிள்ளை எனக்கு எவ்வளவு உதவி, வாளியெல்லாம் தூக்கினாள் என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினீர்கள். கத்தவில்லை. "இனி இவளை அங்கை கூட்டிக்கொண்டு போகாதையும். பழகிப் போயிடும்" என்றீர்கள். யாருக்குப் பழகிவிடும் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அவளுக்கு என்று நினைத்தேன். அவர்களுக்கு என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். எனக்கு அது விளங்க இத்தனை வருஷம் எடுத்திருக்கிறது.

அன்றிரவு சமைக்கும்போது ஒரே யோசனை. நான் இருந்தால் உங்களுக்கு ஒரு இடம் இருக்கும். பளிங்கில், நல்ல மனிதர்களுக்குப் பக்கத்தில். என் காலம் முடிகிறபோது நான் அந்த வீட்டை யாருக்குக் கொடுப்பேன்? கேட்காமலே அது என் பிள்ளைக்குப் போய்விடும். போனால் பிள்ளை தப்பிவிடுவாள், உங்களைத்தான் விட்டுவிட்டுப் போக வேண்டும். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்வீர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அண்ணாவிடம், வாறோம் என்று சொன்னேன்.

கவிதா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சிஞ்ஞோரா சொன்னதை அவளுக்குச் சொன்னபோது மட்டும் வாயைத் திறந்தாள். "அவ பகிடிக்குச் சொல்லியிருப்பா. அதுக்காக நான் போய்ச் செய்யப் போறேனோ? எனக்கு வாய் இல்லையோ?" என்றாள். அதுவும் சரிதான். ஒருவேளை அவள் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். ஒருவேளை இங்கேயே படித்து ஒரு டொக்டராகியிருப்பாள். நான் செய்வது பிழையோ என்று இந்தக் கடிதத்தை எழுதுகிற நேரத்திலும் எனக்குத் தெரியாது. தெரிந்த ஆள் மண்ணுக்குக் கீழே 'ம்' கொட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

தை மாதம் விசா இன்டர்வியூவுக்காக நேப்பிள்ஸுக்குப் போனோம். உங்கள் கப்பலில்தான். நீங்கள் துடைத்த படிகள், நீங்கள் சொன்ன அந்தப் பித்தளைக் கைப்பிடி. முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்த பிள்ளை, அந்தக் கைப்பிடியில் மட்டும் இறங்கும்வரை கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவர் குசினியில் ஆர்டிசோக் காயின் இதழ்களை உரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை உரித்தார். "அமெரிக்கா" என்று ஒருமுறை சொன்னார். பிறகு, "என் கண்ணை மூடுவது நீ என்று நினைத்திருந்தேன்" என்றார். நான் அழுதேன். அவர் அழவில்லை. வீட்டைப் பரமேஸுக்குக் கொடுக்கிறேன், அவள் நல்ல பிள்ளை, கை சுத்தம் என்றேன். "சரி. கோப்பியில் சீனி போடக்கூடாது என்று சொல்லிவை" என்றார். அந்தோனியோவுக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தைப் பற்றி அவர் பிறகு கதைக்கவேயில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. அது ஒன்று நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

போன கிழமை மயானத்து ஒபிஸுக்குப் போனேன். மண் தோண்டுகிற காலம் வரும்போது எனக்கு அறிவிக்க வேண்டும் என்று சொல்வதற்கு. இப்படியான இடங்களில் எப்போதும் கவிதாதான் கதைப்பாள். ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரைக் கேட்டபோது அந்தச் சின்ன வயதில் அவள்தான் சொன்னாள். உங்களை மண்ணில் வைக்க இதே ஒபிஸில் கேட்டபோதும் அவள்தான். குவெஸ்தூரா பொலிஸ் ஒபிஸில் நான் பெர்மேசோ என்கிற வதிவிட அட்டையை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்பேன், அவர்களே பார்த்து எழுதுவார்கள். எங்கள் அம்மா ஒருநாளும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. நான் உங்கள் பெயரைச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் எனக்குச் சட்டம் போடவுமில்லை. நாக்கு அந்தப் பக்கம் போகாது, அவ்வளவுதான்.

இந்த முறை கவிதா உள்ளே வரமாட்டேன் என்றாள். "நீங்கள்தானே போக வேணும் எண்டு நிக்கிறீங்கள். நீங்களே கதையுங்கோ" என்று வாசல் கேற்றடியில் நின்றுவிட்டாள். நான் தனியாகப் போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் வயதான ஒரு மனிதர் இருந்தார். என் கணவர் இங்கே இருக்கிறார் என்றேன். பெயர் என்ன என்றார். என் கணவர் என்று திரும்பவும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்னையும் சிஞ்ஞோரா என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சிஞ்ஞோரா, இங்கே கிடக்கிறவர்கள் எல்லோரும் யாரோ ஒருத்தியின் கணவர்தான். உங்களுடையவருக்குப் பெயர் என்ன?"

வெளியே பார்த்தேன், பிள்ளையைக் காணவில்லை. பின்னால் இரண்டு கிழவிகள் பூவோடு காத்துக்கொண்டு நின்றார்கள். சொல்லாமல் திரும்பிப் போனால், காலம் வரும்போது உங்களை ஒருவரும் இல்லாத ஆள் என்று அந்தக் குழியில் போட்டுவிடுவார்கள். அதை நினைத்தேன். நினைத்ததும் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரை. உங்கள் அப்பாவின் பெயரோடு சேர்த்து, முழுதாக, சத்தமாக.

இத்தனை வருஷமும் உள்ளே வைத்திருந்தது வெளியே வந்தபோது, அது எவ்வளவு நல்ல பெயர் என்று தெரிந்தது. நீங்கள் உயிரோடு இருக்கும்போது ஒருதரமாவது கூப்பிட்டிருக்கலாம். திரும்பிப் பார்த்திருப்பீர்கள். யார் கூப்பிடுகிறது என்று ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். பிறகு நாள் முழுக்கப் பகிடி பண்ணியிருப்பீர்கள். அந்தப் பகிடி எனக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

அவர் தேடி எடுத்தார். வரிசையைச் சொன்னார். அமெரிக்காவுக்கு எல்லாம் நாங்கள் போன் எடுக்கமாட்டோம், காலம் வரும்போது பெயர்களை எழுதிக் கேற்றில் ஒட்டுவோம், யாராவது வந்து பார்க்க வேண்டும் என்றார். எரித்துச் சாம்பலாக எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். அதெல்லாம் அப்போது பார்க்கலாம், முதலில் வாருங்கள் என்றார். வருவேன் என்றேன்.

திரும்பினால் கதவடியில் கவிதா. எப்போது வந்தாளோ தெரியாது. கண் கலங்கியிருந்தது.

"அம்மா, நீங்கள் அப்பான்ரை பேரைச் சொல்லிட்டீங்கள்."

"ஓம். நீ வரேல்லையே, நான் என்ன செய்யிறது?"

அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "அங்கை நுளம்பு கடிக்குமோ?" என்று கேட்டாள். ஹூஸ்டனைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. யாழ்ப்பாணத்தை விடக் கூட என்று மாமா சொன்னார் என்றேன். "மதோன்னா" என்று இவர்கள் மாதாவைக் கூப்பிடுவது போல முணுமுணுத்துக்கொண்டு என்னோடு உங்களிடம் வந்தாள். அன்றைக்குப் படத்தை அவள்தான் துடைத்தாள்.

ஆகவே, இஞ்சாருங்கோ, இதுதான் ஏற்பாடு. ஆனியில் பள்ளிக்கூடம் முடிந்ததும் வெளிக்கிடுகிறோம். சிஞ்ஞோரா வீட்டுத் திறப்பைப் பரமேஸிடம் கொடுக்கும்போது உங்களையும் கைமாற்றிவிட்டுப் போகிறேன். கோப்பியில் சீனி இல்லை, மருந்து பச்சை டப்பாவில், மாதம் ஒருக்கால் மயானத்துக் கேற்றில் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அக்கா, அண்ணையின்ரை பேரை நான் எழுத்துக்கூட்டி வாசிச்செண்டாலும் பாப்பன். நீங்கள் அழாமல் போங்கோ" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவளும் ஒருநாள் எங்கேயாவது வெளிக்கிட்டால், வீட்டை வாங்குகிறவளிடம் இதையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மலரை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கும் இதுதான் என் வேண்டுகோள். அந்தக் கேற்றால் போகும்போது ஒருக்கால் பாருங்கள். உங்கள் ஆட்களின் பெயர்களும் ஒருநாள் அதில் வரும்.

அண்ணா சொல்கிறார், அங்கேயும் கடல் இருக்கிறதாம். வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம். நான் கார் ஓட்டப் பழக வேண்டும், கவிதா எனக்கு றோட்டுச் சட்டம் படிப்பிக்கப் போகிறாளாம். பிழை விட்டால் என் காதையும் முறுக்குவாள்.

உங்கள் பெயர் கேற்றில் வந்த அன்றைக்கு நான் பிளேன் ஏறுவேன். பொதுக் குழிக்கும் விடமாட்டேன், சுவர்ப் பொந்துக்கும் விடமாட்டேன். எப்படியாவது, சாம்பலாக என்றாலும், உங்களைக் கூட்டிக்கொண்டு ஹூஸ்டனுக்குப் போவேன். அந்த ஊருக்காகவே லைசென்ஸ் எடுத்த ஆளை முன் சீட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லைசென்ஸ் இல்லாமல் இருந்த நான் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போவேன். நான் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் நீங்கள் ஒன்றும் சொல்லக்கூடாது. பிரேக்கை மட்டும் அமத்துங்கள்.

உங்கள் பெயரை இன்னும் ஒருதரம் சொல்ல வேண்டியிருக்கிற,
உங்கள் 'இஞ்சாரும்'